மதுரைப் பக்கத்து மெக்கானிக்கல் டிசைன் பொறியாளர் ஃப்யூஷன் துறையில் சேர: படிப்படியான வழிகாட்டி

மெக்கானிக்கல் முடித்து டிசைன் வேலையில் இருக்கிறீர்கள், அல்லது கடைசி ஆண்டில் இருக்கிறீர்கள். இலேசான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்க முயலும் அணுக்கரு இணைவுத் துறையில், ஃப்யூஷன் என்று எல்லோரும் சொல்லும் அதில், நுழைய ஆசை. மதுரையில் விசாரித்தால் இரண்டே பதில்தான் வரும். "அதுக்கெல்லாம் பிஎச்.டி. வேணும் தம்பி" என்பது ஒன்று. "வெளிநாட்டுல எம்.எஸ். போட்டுரலாம், நாங்க பார்த்துக்கிறோம்" என்பது இன்னொன்று. முதலாவது தவறு. இரண்டாவதைச் சொல்கிறவருக்குக் கமிஷன் உண்டு.

இணைவு நடக்கும் மிகச் சூடான மின்னேற்ற வாயுவான பிளாஸ்மாவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இணைவு உலையில் மிச்சமிருப்பது வெற்றிடக் கலன், குளிர்கலன், குழாய், பெல்லோஸ் (நீண்டு சுருங்கும் மடிப்புக் குழாய்), வெல்டிங், தாங்கி, போல்ட். வரைந்ததைப் பட்டறையில் செய்ய முடியுமா, வெல்ட் போட்ட பிறகு சோதிக்க முடியுமா, கசியாமல் நிற்குமா என்பதற்குக் கணக்கோடு பதில் சொல்கிற ஆளைத்தான் தேடுகிறார்கள். கீழே உள்ள படிகளும் அந்த நோக்கில்தான். கட்டணங்கள் 2025 நிலவரம். பணம் கட்டும் முன் அந்தந்த அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

1. எந்தக் கதவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கதவுகள் மூன்று. ஒன்றுக்கான தயாரிப்பு இன்னொன்றுக்கு முழுதாக உதவாது.

முதலாவது அரசு வழி. காந்திநகரில் பட் என்னும் இடத்தில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், ஐ.பி.ஆர்., அணுசக்தித் துறையின் கீழ் வருகிறது. ஆதித்யா–யு, எஸ்.எஸ்.டி.–1 என்ற இரண்டு டோக்கமாக்குகள் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் பிடித்துவைக்கும் வளைய வடிவக் கருவிகள்) அங்கே உள்ளன. பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஐட்டர் இணைவு உலைக்கு இந்தியா தரவேண்டிய பாகங்களைக் கவனிக்கும் ஐட்டர்–இந்தியாவும் அதன் அங்கம்தான். இங்கே வயது வரம்பு கறாரானது; இருபத்தைந்து தாண்டியவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாவது, பாகம் செய்துகொடுக்கும் இந்திய நிறுவனங்கள். ஐட்டரின் கிரயோஸ்டாட், சுமார் 29 மீட்டர் விட்டமும் 29 மீட்டர் உயரமும் 3,850 டன் எடையும் கொண்ட, உலையைச் சூழ்ந்து நிற்கும் எஃகுக் குளிர்கலன், எல் அண்ட் டி நிறுவனத்தின் ஹசீரா ஆலையில் 54 துண்டுகளாகச் செய்யப்பட்டு, பிரான்சில் உலை வளாகத்திலேயே வெல்ட் செய்து இணைக்கப்பட்டது. இப்படிப்பட்ட வேலையில் மூன்று ஆண்டு இருந்தவரின் பயோடேட்டாவை வெளிநாட்டில் யாரும் ஒதுக்கிவைக்க மாட்டார்கள். பலர் கண்டுகொள்ளாத கதவு இது. மூன்றில் சிறந்ததும் இதுதான் என்பேன்.

மூன்றாவது வெளிநாடு. தெற்கு பிரான்சில் கதராஷில் ஐட்டர், இங்கிலாந்தில் கல்ஹமில் அந்நாட்டு அணுசக்தி ஆணையமான யு.கே.ஏ.இ.ஏ., அமெரிக்காவில் காமன்வெல்த் ஃப்யூஷன் சிஸ்டம்ஸ், ஜெர்மனியில் பிராக்ஸிமா ஃப்யூஷன், ஜப்பானில் கியோட்டோ ஃப்யூஷனியரிங் போன்றவை. நான்கைந்து ஆண்டு அனுபவத்தோடு இந்தக் கதவைத் தட்டுவது நல்லது. கல்லூரியிலிருந்து நேராகப் போக முடியாது என்றில்லை. பெரும்பாலும் மேற்படிப்புக்குக் கடன் வாங்கித்தான் போக முடியும்.

2. வேலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆட்டோமொபைல் டிசைனிலிருந்து வருகிறவர்கள் தடுமாறுவது சுமைகளில்தான். இங்கே ஒரு பாகத்துக்குச் சொந்த எடை, அழுத்தம், வெப்பம், நிலநடுக்கம் எல்லாம் உண்டு. அதோடு மின்காந்தச் சுமையும் சேரும். பிளாஸ்மா திடீரென்று அறுந்தால் (டிஸ்ரப்ஷன் என்பார்கள்) அதில் ஓடிய மில்லியன் ஆம்பியர் கணக்கான மின்னோட்டம் மில்லி விநாடிகளில் இறங்கிவிடும். சுற்றியுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அது காந்தப்புலத்தோடு சேர்ந்து பாகத்தைப் பிடுங்கி எறியப் பார்க்கும். ஐட்டரில் பிளாஸ்மா மின்னோட்டம் 15 மில்லியன் ஆம்பியர், நடுவில் காந்தப்புலம் 5.3 டெஸ்லா. ஒரு தாங்கி எத்தனை போல்ட்டோடு நிற்க வேண்டும் என்பதைப் பல இடங்களில் இந்தச் சுமைதான் தீர்மானிக்கிறது.

வெப்பத்திலும் இரண்டு எல்லைகள். கழிவு வெப்பத்தை வாங்கும் டைவர்டர் தகட்டில் ஒரு சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் தொடர்ந்து விழும். சில நேரம் 20. சில மீட்டர் தள்ளி மீகடத்துக் காந்தங்கள் 4 கெல்வினில் இருக்கும். அறை வெப்பத்திலிருந்து அந்தக் குளிருக்குப் போனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் சுருங்கும். சுருங்க இடம் கொடுக்காமல் இரு முனையையும் கட்டிவைத்தால் என்ன ஆகும் என்பது நேர்காணலில் வழக்கமாக வரும் கேள்வி. 316எல் தகடு ஒன்றை நாலா பக்கமும் இறுக்கிப் பிடித்து 100 டிகிரி சூடாக்கினால் தகைவு (ஸ்ட்ரெஸ்) சுமார் 440 மெகாபாஸ்கல் வரும். அந்த எஃகு நெகிழத் தொடங்குவதே 170 மெகாபாஸ்கல் அளவில். தாளில் பேனாவோடு இதைப் போட்டுக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். சாஃப்ட்வேரைத் திறந்துதான் சொல்வேன் என்றால் நேர்காணல் அங்கேயே முடிந்துவிடும்.

பிளாஸ்மா இயற்பியல் எவ்வளவு வேண்டும்? சுமை எங்கிருந்து வருகிறது என்று புரியும் அளவு. ஒரு மாதம் போதும்.

3. கற்க வேண்டியவை, இந்த வரிசையில்

வரைபடம்: ஐரோப்பிய வேலைக்கு ஐ.எஸ்.ஓ. முறை, அமெரிக்க வேலைக்கு ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.5. இரண்டிலும் டாலரன்ஸின் அடிப்படை விதியே வேறு. நம் ஊரில் ஒரே டிராயிங்கில் இரண்டையும் கலந்துவிடுவது சகஜம். வெளியே அது பெரிய குறை. முதல் கோண, மூன்றாம் கோண வீழல் குறி இல்லாத டிராயிங்கை யாரிடமும் காட்டாதீர்கள்.

மென்பொருள்: ஐட்டர் திட்டம் ஆண்டுக்கணக்காக கேட்டியாவில் நடக்கிறது. வேறு இடங்களில் வேறு மென்பொருள் இருக்கும். ஒன்றில் ஆழமான பழக்கம் இருந்தால் மற்றது சில வாரத்தில் வந்துவிடும். மதுரையில் சில பயிற்சி மையங்கள் நான்கைந்து மென்பொருளை ஒரே பேக்கேஜாகத் தலையில் கட்டும். அதற்குச் செலவழிக்க வேண்டாம். தகைவு, வெப்பக் கணக்குப் போடும் ஆன்சிஸின் மாணவர் பதிப்பு இலவசம். மாதிரியின் அளவுக்கு வரம்பு உண்டு, கற்க அது போதும்.

கோடு (அழுத்தக் கலன்களை வடிவமைப்பதற்கான விதித்தொகுப்பு): துறைக்குள் உங்களை நிறுத்துவது இதுதான். ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 8, டிவிஷன் 2–இல் தொடங்குங்கள். ஐட்டர் கிரயோஸ்டாட் அதன்படிதான் வடிவமைக்கப்பட்டது. வெற்றிடக் கலனுக்கு பிரெஞ்சு ஆர்.சி.சி.–எம்.ஆர். கோடு. கோடுப் புத்தகங்கள் விலை அதிகம், சொந்தமாக வாங்கத் தேவையில்லை. கல்லூரி நூலகத்திலோ அலுவலகத்திலோ பாருங்கள். முக்கியமான பகுதி தகைவைப் பிரித்து மதிப்பிடுவது. படலத் தகைவு (தடிமன் முழுதும் சமமாகப் பரவும் பகுதி) அனுமதித்த அளவுக்குள், படலமும் வளைவும் சேர்ந்து அதன் ஒன்றரை மடங்குக்குள், வெப்பத் தகைவையும் சேர்த்த வீச்சு மூன்று மடங்குக்குள். சிவப்பும் நீலமுமாக வான் மிசஸ் தகைவுப் படத்தை ஒட்டி "பாதுகாப்பானது" என்று எழுதிய அறிக்கை இங்கே செல்லாது. தகட்டின் தடிமனுக்குக் குறுக்கே கோடு போட்டு, தகைவைப் பிரித்து, அட்டவணையில் காட்ட வேண்டும். கூர்முனையில் மெஷ்ஷை (மென்பொருள் கணக்குக்காகப் பிரிக்கும் கட்டங்களை) சின்னதாக்க ஆக்க ஏறிக்கொண்டே போகும் எண்ணைப் பிடித்துக்கொண்டு தகட்டைத் தடிமனாக்குவது புதியவர்கள் எல்லோரும் விழும் பள்ளம்.

வெல்டிங்: திருச்சியில் பெல் வளாகத்தை ஒட்டிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம், டபிள்யூ.ஆர்.ஐ., பொறியாளர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி தருகிறது. மதுரையிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்குள். வெல்டராக வேண்டாம். ஆனால் டார்ச் உள்ளே போக எவ்வளவு இடம் வேண்டும், எந்த வரிசையில் போட்டால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். திரையில் அழகாக இருக்கும் பல டிசைன்கள் டார்ச் நுழைய இடமில்லாததால் திரும்பி வருகின்றன. இதோடு கண் பார்வை, டை பெனிட்ரன்ட், அல்ட்ராசோனிக் என்ற, வெல்டை உடைக்காமல் குறை கண்டுபிடிக்கும் சோதனை முறைகளில் லெவல் 2 சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். முறைக்குச் சில ஆயிரம் ரூபாய்தான்.

வெற்றிடம்: ஐட்டரின் வெற்றிடக் கையேடு பொதுவில் கிடைக்கிறது. முழுதாகப் படியுங்கள். டிசைன்காரருக்கு இதைவிடப் பயனுள்ள ஆவணம் இந்தத் துறையில் குறைவு.

4. காட்டுவதற்கு ஒரு வேலை செய்யுங்கள்

"டோக்கமாக் மாடல் செய்தேன்" என்று முழு உலையின் படத்தைப் போட்டு அனுப்பாதீர்கள். எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள், அதில் ஒரு பரிமாணம்கூட இருக்காது. சின்ன வெற்றிடக் கலன் ஒன்றை எடுத்து, கடைசி போல்ட் வரை முடியுங்கள்.

அளவு: உள்விட்டம் 300, நீளம் 300, சுவர் 6 மில்லிமீட்டர், 304எல் எஃகு. இரு முனையிலும் ஓ–ரிங் (ரப்பர் வளையம்) வைத்து மூடும் மூடித்தகடு. பக்கவாட்டில் சி.எஃப்.40 ஃபிளேஞ்ச் (செம்புக் கேஸ்கெட்டை அமுக்கி அடைக்கும் வெற்றிட இணைப்பு) இரண்டு, சி.எஃப்.100 ஒன்று. சி.எஃப்.40–க்கு வெளிவிட்டம் 70, ஆறு எம்6 போல்ட், சி.எஃப்.100–க்கு வெளிவிட்டம் 152, பதினாறு எம்8. உள்ளே போகும் செம்புக் கேஸ்கெட்டை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதியது வேண்டும் என்பதைச் செலவுக் கணக்கில் சேருங்கள்.

கணக்கு: உள்ளே வெற்றிடம் என்றால் மூடித்தகட்டின் மேல் காற்று அழுத்தும் விசை சுமார் 7,160 நியூட்டன், முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. தகடு 5 மில்லிமீட்டர் என்று வையுங்கள். விளிம்பில் சாதாரணமாகத் தாங்கிய வட்டத் தகட்டுக்குத் தகைவு 113 மெகாபாஸ்கல், நடுவில் வளைவு ஒன்றரை மில்லிமீட்டர். தகைவு மட்டும் பார்த்தால் ஒப்பேறுகிறது. ஆனால் ஓ–ரிங் உட்காரும் இடத்தில் தகடு சாயும், கசியும். 10 மில்லிமீட்டர் ஆக்கினால் தகைவு 28, வளைவு 0.19. வலிமை போதும், விறைப்பு போதாது என்று காட்டி முடிவெடுத்த இந்த ஒரு பக்கக் கணக்கு, வண்ணப்படம் இருபதைவிட அதிகம் பேசும். உருளைச் சுவருக்கு வெளி அழுத்தத்தில் நெளிவுச் சோதனையைக் கோட்டின்படி தனியாகப் போடுங்கள்.

ஓ–ரிங் பள்ளம்: 5.33 மில்லிமீட்டர் வளையத்துக்கு 4.2 ஆழம் வைத்தால் அமுக்கம் 21 சதவீதம். பள்ளத்தை லேத்தில் கடையச் சொல்லுங்கள். கருவிக்கோடு வளையத்தோடு ஒட்டிச் சுற்றி ஓட வேண்டும். அதைக் குறுக்கே வெட்டும் ஒரு கீறல் போதும், கசிவுக்கு வழி. பரப்பு நேர்த்தி 0.8 மைக்ரான் என்று டிராயிங்கில் எழுதுங்கள்.

வெல்ட்: வெற்றிடப் பக்கம், அதாவது உள்பக்கம், தொடர் வெல்ட். வெளிப்பக்கம் வலிமைக்கு வேண்டுமானால் விட்டுவிட்டு. இரண்டு பக்கமும் தொடர்ச்சியாகப் போட்டால் நடுவில் காற்று சிறைப்படும். அது மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக உள்ளே வரும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் கசிவுச் சோதனைக்காக வெளியே தெளிக்கும் ஹீலியம் அந்த இடத்தைச் சேராது. முட்டுத் துளையில் (அடி மூடிய துளையில்) இறங்கும் ஸ்குரூவுக்கும் இதே பிரச்சினை. நடுவில் துளையிட்ட ஸ்குரூ போடுங்கள்.

பட்டறை: கப்பலூர் தொழிற்பேட்டையில் செய்து வாங்கிவிடலாம். எடை நாற்பது கிலோவை ஒட்டி வரும். பொருள், கடைசல், டிக் வெல்ட் எல்லாம் சேர்த்து முப்பதிலிருந்து நாற்பதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் சேர்ந்தால் தாங்கும். ஆர்டர் கொடுக்கும்போதே நான்கு விஷயங்களை எழுத்தில் கொடுங்கள். மைல்ட் ஸ்டீலில் ஓட்டிய கிரைண்டிங் டிஸ்க்கை ஸ்டெயின்லெஸ்ஸில் வைக்கக் கூடாது, துருப் புள்ளி வரும். குளோரின் கலந்த கட்டிங் ஆயிலோ மார்க்கரோ கூடாது. தகட்டோடு 3.1 வகைப் பொருள் சான்றிதழ் (தகடு செய்த ஆலை சோதித்துத் தருவது) வர வேண்டும், அதிலுள்ள ஹீட் நம்பர் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) தகட்டிலும் இருக்க வேண்டும். ஹீலியம் கசிவுச் சோதனை முடியும் வரை தண்ணீர் அழுத்தச் சோதனை கூடாது. நுண்துளையில் தண்ணீர் அடைத்துக்கொண்டால் ஹீலியம் போகாது, கசிகிற கலனும் "பாஸ்" ஆகிவிடும்.

குளோரின் விஷயத்தை மிகையென்று நினைக்க வேண்டாம். ஐட்டரில் வெப்பக் கவசத் தகடுகளில் வெல்ட் செய்த குளிர்விக்கும் குழாய்களில் விரிசல் கண்டதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். வெல்டை ஒட்டித் தங்கிய குளோரின் எச்சமும் தகைவும் சேர்ந்து அரித்ததுதான் காரணம். சுமார் 23 கிலோமீட்டர் குழாய் வேலை திரும்பவும் தலையில் விழுந்தது. அதே சமயத்தில் வெற்றிடக் கலன் துண்டுகளின் வெல்ட் விளிம்புகள் அளவு தவறியதும் வெளியே வந்தது. பிளாஸ்மா இயற்பியலுக்கு இந்த இரண்டிலும் பங்கு இல்லை. பட்டறை ஒழுங்கும் அளவெடுப்பும்தான். நேர்காணலுக்குப் போகும் முன் இந்த இரண்டையும் படித்துவிட்டுப் போங்கள்.

செய்து முடித்ததும் ஹீலியம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உள்ள கல்லூரி ஆய்வகத்திலோ கோவை, சென்னையிலுள்ள சோதனை நிறுவனத்திலோ சோதித்து அறிக்கை வாங்குங்கள். வினாடிக்கு 10⁻⁹ மில்லிபார் லிட்டருக்குக் கீழே என்று ஏற்பு எல்லையை முன்பே எழுதிவையுங்கள். கசிந்தால் கசிந்தது, எங்கே, ஏன், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று அறிக்கையில் சேருங்கள். எல்லாம் முதல் முறையே சரியாக வந்ததாக எழுதிய அறிக்கையை அனுபவசாலி யாரும் நம்ப மாட்டார்.

5. சம்பளத்தோடு அனுபவம் சேருங்கள்

ஃப்யூஷன் என்ற பெயர்ப்பலகை உள்ள வேலைக்காகக் காத்திருக்க வேண்டாம். திருச்சியில் பெல்லுக்கு வேலை செய்யும் அழுத்தக் கலன் நிறுவனங்கள், கூடங்குளம் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் உள்ள ஒப்பந்த நிறுவனங்கள், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்துக்குக் கிரயோஜெனிக் குழாயும் கலனும் தருபவர்கள், கல்பாக்கத்துக்குப் பாகம் செய்பவர்கள் எல்லோரிடமும் கிடைக்கும் அனுபவம் இங்கே நேராகச் செல்லும். கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், இணைவு உலைக்கான குறைந்த கதிரியக்க எஃகை இந்தியாவில் உருவாக்கியதில் பங்குள்ள இடம்.

ஒரு நிபந்தனை. சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும், பி.எஃப். பிடித்திருக்க வேண்டும். கையில் ரொக்கமாகத் தரும் பட்டறையில் நான்கு ஆண்டு உழைத்தாலும் பின்னணிச் சரிபார்ப்பில் அது பூஜ்யம்தான். அனுபவச் சான்றில் சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, செய்த வேலை நான்கும் இருக்கட்டும். விலகும் நாளிலேயே வாங்குங்கள். மூன்று ஆண்டு கழித்துப் போனால் கையெழுத்துப் போட்ட மேனேஜர் அங்கே இருக்க மாட்டார்.

6. அரசு வழியின் நாட்காட்டி

கேட் தேர்வுக்கான விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். பொதுப் பிரிவுக்கு 2,000 ரூபாய், பெண்களுக்கும் பட்டியல் பிரிவினருக்கும் 1,000. மதுரையிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும்.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டுப் பயிற்சிக்கு, ஓ.சி.இ.எஸ். என்பார்கள், பி.இ.யில் 60 சதவீதமும் பொதுப் பிரிவில் 26–க்குள் வயதும் வேண்டும். கேட் மதிப்பெண் அல்லது அவர்களுடைய ஆன்லைன் தேர்வு, பிறகு நேர்காணல். நேர்காணல் அடிப்படைப் பாடத்தில்தான் நடக்கும். இரண்டு பாடத்தை நீங்களே தேர்ந்து அதில் அடிமட்டம் வரை தயாராகுங்கள். சேர்ந்தால் மூன்று ஆண்டு பணியாற்ற ஒப்பந்தம் எழுத வேண்டும். போஸ்டிங் இணைவுத் துறையில்தான் என்று எந்த உறுதியும் இல்லை.

ஐ.பி.ஆர். நேரடி நியமனம் அவ்வப்போது வரும், மெக்கானிக்கலுக்கு இடம் கொஞ்சம்தான். மாதம் ஒரு முறை அவர்கள் தளத்தைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம்; அறிவிப்பு ஆண்டுத் தொடக்கத்தில் வரும். ஆறு வாரம்தான், ஆனால் அங்கே யார் எந்த வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அரசு வேலையில் சேர்ந்த பிறகு பாஸ்போர்ட்டுக்குத் தடையில்லாச் சான்றோ துறைக்கு முன்கூட்டியே தெரிவித்த கடிதமோ வேண்டும்; வெளிநாட்டு வேலைக்குத் தடையில்லாச் சான்று வேண்டும். பாஸ்போர்ட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

7. பெயரும் இனிஷியலும்: ஆவணங்களை இப்போதே சரிசெய்யுங்கள்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதிகக் காலம் போவது இதில்தான். மதிப்பெண் பட்டியலில் "கார்த்திகேயன் ஆர்". ஆதாரில் "ஆர். கார்த்திகேயன்". பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுக்காது, விரித்தாக வேண்டும். அப்பா பெயர் ராஜேந்திரன் குடும்பப் பெயராகப் போய் உட்காரும். டிகிரியில் எழுத்துக்கூட்டல் ஒன்று, பான் கார்டில் வேறொன்று. இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். வெளியே இவை நான்கு வேறு ஆட்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டை அடிப்படையாக வையுங்கள். அதில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாது என்று அச்சாகி, பிறகு வங்கிக் கணக்கு வரை தொல்லை தொடரும். பாஸ்போர்ட் வந்ததும் ஆதார், பான், வங்கிக் கணக்கு, பி.எஃப். எல்லாவற்றையும் அதே எழுத்துக்கூட்டலுக்கு மாற்றுங்கள். மதிப்பெண் பட்டியலை மாற்றுவது எளிதல்ல. அதற்கு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் நோட்டரி பிரமாணப் பத்திரம். எழுத்தே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம்; அதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள்.

பாஸ்போர்ட் கட்டணம் 1,500 ரூபாய். தட்கலுக்குக் கூடுதலாக 2,000. மதுரை மண்டல அலுவலகம் பாரதி உலா வீதியில். போலீஸ் சரிபார்ப்பின்போது விண்ணப்பத்தில் கொடுத்த முகவரியில் இருங்கள். வேலைக்காக ஓசூரிலோ சென்னையிலோ தங்கிக்கொண்டு வில்லாபுரம் வீட்டு முகவரியைக் கொடுத்தால் கோப்பு அங்கேயே நிற்கும்.

டிகிரிக்கு அப்போஸ்டில் முத்திரை வேண்டுமென்றால் முதலில் மாநில உயர்கல்வித் துறையின் சான்றொப்பம், பிறகு வெளியுறவுத் துறை. அப்போஸ்டிலுக்கான அரசுக் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், மற்றதெல்லாம் சேவைக் கட்டணம். ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். புரொவிஷனல் சான்றிதழை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், பட்டமளிப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். டிரான்ஸ்கிரிப்ட் உறையை முத்திரையோடு குறைந்தது மூன்று செட் வாங்குங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஓடும் முன் தங்கள் கல்லூரித் தேர்வு அலுவலகத்தில் கேளுங்கள்.

8. மேற்படிப்பு எடுப்பதானால்

முதுகலை இல்லாமலும் நுழையலாம். எடுக்கத்தான் வேண்டும் என்றால் பாடத்திட்டத்தைப் படியுங்கள். ஃப்யூஷன் என்று பெயர் உள்ள படிப்புகளில் பாதிக்குமேல் இயற்பியல். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தின் படிப்பும் அந்தப் பக்கம் சாய்ந்ததுதான். நெதர்லாந்தில் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இணைவு அறிவியலும் தொழில்நுட்பமும் சேர்ந்த முதுகலை உண்டு. எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை உள்ள படிப்புகளில் மாதம் 1,400 யூரோ வரும், போட்டி கடுமை. மெக்கானிக்கல் முதுகலையில் சேர்ந்து ஆய்வேட்டை மட்டும் இணைவு ஆய்வகத்தில் செய்வது, கார்ல்ஸ்ரூவே போன்ற இடங்களில், டிசைன்காரருக்குப் பொருத்தமான வழி.

ஜெர்மனிக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் (உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) 18,000 ரூபாய். அதற்கு மூன்று மாதம் வரை ஒதுக்குங்கள். பிளாக்டு அக்கவுண்ட்டில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அது கட்டணம் இல்லை, உங்கள் செலவுக்கே மாதாமாதம் திரும்பி வரும். பலர் இதைக் கட்டணம் என்று பயந்து பின்வாங்குகிறார்கள். ஐஈஎல்டிஎஸ் பதினேழு, பதினெட்டாயிரம் ரூபாய். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், சீக்கிரமே எழுதி வீணாக்காதீர்கள். வீட்டை அடகு வைத்து எடுக்கும் கடனை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இந்தத் துறையில் முதல் வேலை கிடைக்க ஓராண்டு ஆகக்கூடும்; வட்டி அதுவரை காத்திருக்காது.

9. வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பது

ஐட்டர்: இந்தியா உறுப்பு நாடு என்பதால் இந்தியக் குடிமக்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம். வேலை மொழி ஆங்கிலம். டிசைன் பணிகளுக்கு வழக்கமாக ஐந்து ஆண்டு அனுபவமாவது எதிர்பார்ப்பார்கள். விளம்பரத்திலிருந்து சேரும் நாள் வரை பல மாதம் ஆகும், ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். அங்கே வேலை செய்பவர்களில் பலர் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். அந்த வழியில் போனால் பிரெஞ்சு மொழி கேட்பார்கள்; பி1 (இடைநிலை) வரை படித்திருந்தால் போட்டி பாதியாகிவிடும். 2024–இல் வெளியிட்ட திட்டப்படி ஆராய்ச்சி இயக்கம் 2034–இல். அதுவரை அசெம்பிளி, பழுதுபார்ப்பு, கருவிகள் சார்ந்த டிசைனுக்குத்தான் தேவை அதிகம். பிளாஸ்மாவுக்கு நேராக நிற்கும் முதல் சுவரை பெரிலியத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாற்ற முடிவெடுத்திருப்பதால் டங்ஸ்டன் இணைப்பு பற்றித் தெரிந்தவருக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

இங்கிலாந்து: 2025 ஜூலையிலிருந்து திறன் பணியாளர் விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்ட். ஜூனியர் டிசைனர் சம்பளம் இதைத் தொடாமல் போகலாம், விளம்பரத்திலேயே பார்த்துவிடுங்கள். பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் பணிகளுக்கு அங்கே ஐந்து ஆண்டு வசித்திருக்கக் கேட்பார்கள்.

அமெரிக்கா: பல வேலைகள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிக்குள் வரும். விளம்பரத்தின் கடைசிப் பத்தியில் அது சின்னதாக இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்–1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்த பிறகு, இங்கிருந்து நேராகப் போவது கிட்டத்தட்ட மூடிய கதவு.

பயோடேட்டா இரண்டு பக்கம். "டிசைன் அண்ட் அனாலிசிஸ் செய்தேன்" என்று எழுதாதீர்கள். எந்தக் கலன், எந்தக் கோடு, என்ன பொருள், எவ்வளவு தடிமன், என்ன சோதனை, என்ன முடிவு என்று எழுதுங்கள். அப்பா பெயர், மதம், திருமண நிலை, கையெழுத்துடன் உறுதிமொழி எதுவும் வேண்டாம். வேலை பார்த்த நிறுவனத்தின் டிராயிங்கை மாதிரியாக அனுப்பவே கூடாது. அணு சார்ந்த துறையில் ரகசியம் காக்காதவர் என்று அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடுவார்கள். நான்காம் படியில் செய்த சொந்தக் கலன் இதற்குத்தான்.

10. பணம் கேட்பவர்கள்

ஐட்டர் உட்பட எந்த உண்மையான நிறுவனமும் நேர்காணலுக்கோ விசாவுக்கோ உங்களிடம் பணம் வாங்காது. நிறுவனத்தின் பெயரைப் போலவே இருக்கும் இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து "ஆஃபர் லெட்டர்" வந்தால் குப்பையில் போடுங்கள். ஏஜென்ட் வழியாகப் போவதானால் வெளியுறவுத் துறையின் இ–மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைப் பாருங்கள். பதிவுபெற்றவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அதற்குமேல் கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு நின்றுவிடும்.

குளிர் இணைவு, அறை வெப்பத்தில் இணைவு என்று முதலீடு திரட்டும் நிறுவனங்களிலிருந்தும் அழைப்பு வரலாம். சம்பளம் வரலாம், ஆனால் அந்த அனுபவத்தை டோக்கமாக் உலகம் கணக்கில் எடுக்காது.

11. ஆஃபர் வந்த பிறகு

பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து எதுவானாலும் விசா விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கும். இரவு பாண்டியனில் ஏறினால் காலையில் எழும்பூர். அப்பாயின்ட்மென்ட்டைப் பத்து மணிக்கு முன் வைக்காதீர்கள், ரயில் தாமதமானால் நாள் போய்விடும். பிரான்சு நீண்டகால விசாவுக்கு 99 யூரோ, அதோடு மையத்தின் சேவைக் கட்டணம். போலீஸ் கிளியரன்ஸ் கேட்டால் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக 500 ரூபாய். அது சில மாதமே செல்லும் என்பதால் ஆஃபர் வந்த பிறகு எடுங்கள்.

இந்திய நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 60 அல்லது 90 நாள். ஆஃபர் கையில் வந்ததும் ராஜினாமா கொடுத்துவிட்டு, விசா தாமதமாகி, இரண்டு பக்கமும் சம்பளம் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. சேரும் நாளைத் தேதியாக எழுதாமல் "விசா கிடைத்த நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்டால் தருவார்கள். பிரெஞ்சு ஒப்பந்த நிறுவனமானால் பொறியாளர்களுக்குச் சோதனைக் காலம் நான்கு மாதம், ஒரு முறை நீட்டிக்கலாம். அது முடியும் வரை குடும்பத்தை அழைத்துப் போக வேண்டாம், இங்குள்ள வாடகை வீட்டையும் காலி செய்ய வேண்டாம். விசா கைக்கு வந்து, அதில் பெயரும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள்.